டீச்சர் கட்டிய மலையாட்டம்

கள்ளக்குறிச்சியில் வந்து கோகிலவாணி எங்கே என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். விசில் டீச்சர் என்று கேட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவிலிருந்து தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் வரை எல்லோரும் வழி சொல்வார்கள். ஊரில் பாதிப் பெண்கள் அவளிடம் முட்டி போட்டவர்கள். மீதிப் பேர் அந்தப் பெண்களைக் கட்டிக்கொண்டு, அவர்கள் வாயால் அவளைப் பற்றிக் கேட்டவர்கள்.

பிறந்தது தியாகதுருகத்துக்குப் பக்கத்தில். அப்பா பெயர் பாவாடை, அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டுகிறவர். மகள் ஓட்டத்தில் கெட்டி. விழுப்புரம் மைதானத்தில் சீருடைப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி முதலில் வந்தபோது, "ஓடிக் காட்டினா எவன் சோறு போடப்போறான்?" என்று அவர் கேட்டார். அரசாங்கமே போட்டது. உடற்கல்வி ஆசிரியைப் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, காத்துக் காத்துக் கண் பூத்துப்போன நேரத்தில் சங்கராபுரத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் பாவாடை கூடவே வந்தார். உள்ளே மட்டும் வரமாட்டேன் என்று ரோட்டோரப் புளியமரத்தடியிலேயே நின்றுகொண்டார். சட்டை போடாமல் வந்துவிட்டோமே என்ற கூச்சம் அவருக்கு.

பி.டி. டீச்சர் பிழைப்பு எப்படிப்பட்டது என்று அந்தப் பிழைப்பில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கறிவேப்பிலை மாதிரி. பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்கிப் போவார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் மந்திரி வருகிறார் என்றால் போதும், "விசில் டீச்சர் எங்கே, பசங்கள வரிசையில நிறுத்தச் சொல்லு" என்று ஆளாளுக்கு ஓடுவார்கள். கோகோவுக்குக் கம்பம் நடுவதும், சுண்ணாம்பு கரைத்து மைதானத்தில் கோடு போடுவதும், வயிற்றுவலி வந்த பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விடுவதும் அவள் வேலைதான். போதாக்குறைக்கு சங்கராபுரத்துத் தலைமையாசிரியர் அந்த முதல் வருஷமே இன்னொன்றையும் தலையில் கட்டினார். "உடம்ப வளைக்கத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் டீச்சர். ஆண்டு விழா டான்ஸையும் நீங்களே பாத்துக்கங்க."

கோகிலவாணிக்கு நடனம் தெரியாது. ட்ரில் தெரியும். ஆகவே ட்ரில்லையே பாட்டுக்கு நடுவில் விட்டாள். ஒன், டூ, த்ரீ, ஃபோர், லெஃப்ட் டர்ன், கும்மி தட்டு, ரைட் டர்ன், குனி. அவள் வீட்டுக்காரர் செழியன் டூ வீலர் மெக்கானிக், வாய் கொஞ்சம் நீளம். "உன் டான்ஸுல கிருஷ்ணரு வந்தாக்கூட அட்டேன்ஷன்லதான் நிப்பாரு" என்பார். இருந்தாலும் பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்தது. யாரையும் அவள் ஒதுக்கியதில்லை. கால் வராத பிள்ளையும் கடைசி வரிசையில் கையைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

பின்னால் அவளுக்குப் பேர் வாங்கித்தந்த காட்டுவாசி டான்ஸும் அப்படி நல்ல மனசோடு பிறந்ததுதான். கள்ளக்குறிச்சிக்கு மாற்றலாகி வந்த பிறகு, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய இருந்த வகுப்பு ஒன்று. கடையில் வாடகைக்கு டிரஸ் எடுக்க வழியில்லை என்று ஆண்டு விழாவுக்கே வரமாட்டோம் என்றார்கள். கோகிலவாணி யோசித்தாள். பள்ளிக்கூடத்துச் சுவரோரம் வரிசையாக நெட்டிலிங்க மரம். சத்துணவுக் கூடத்தில் அரிசிச் சாக்கு. அடுப்பில் கரி. சாக்கை இடுப்பில் சுற்றி, இலையைக் கோத்து மேலே கட்டி, கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து முகத்திலும் கையிலும் பூசி, கையில் ஆளுக்கொரு கழி கொடுத்து மேடையில் ஏற்றிவிட்டாள். பிள்ளைகள் வாயில் கையை வைத்துக் குலவையும் ஊளையும் கலந்து கத்தினார்கள். ஒரு பெண்ணைக் கம்பத்தில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, சிவப்புக் காகித நெருப்பில் வாட்டுவதுபோல் சுற்றி வந்து குதித்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். வீட்டில் நல்ல துணி இல்லாத பிள்ளைகள் அன்றைக்கு ராணி மாதிரி இறங்கி வந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. அதே ஆட்டத்தை மாவட்டப் போட்டிக்குக் கொண்டுபோனாள். அங்கே 'பாரம்பரிய நடனம்' என்று ஒரு பிரிவு. நடுவராக வந்திருந்த அம்மாள் வெளியூர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "இது எந்தப் பகுதி நடனம் டீச்சர்?"

எந்தப் பகுதி? நெட்டிலிங்க மரத்தடிப் பகுதி. அப்படிச் சொல்ல முடியுமா? மைதானத்துக்கு அந்தப் பக்கம், மேற்கே, கல்வராயன்மலை நீலமாகத் தெரிந்தது. "கல்வராயன்மலைங்க மேடம். மலைவாழ் மக்களோட பாரம்பரிய நடனம்" என்று சொல்லிவிட்டாள். வாய் தவறி வந்ததில்லை, யோசித்துச் சொன்னதுதான். முதல் பரிசு கிடைத்தது.

அதற்கு முன்னால் அவள் கல்வராயன்மலைக்குப் போனது ஒரே ஒரு தடவை. செழியனோடும் பிள்ளைகளோடும் அருவியில் குளித்துவிட்டு, கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கி வந்தாள்.

பிறகு அந்த ஆட்டம் அவளை விட்டுப் பிரியவில்லை. குடியரசு தின விழா, கலெக்டர் வருகை, எங்கே எது நடந்தாலும் "கல்வராயன்மலை நடனம் வெச்சிடுங்க டீச்சர்" என்பார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்துகூட டீச்சர்கள் போன் போட்டு, கரியில் எண்ணெய் எவ்வளவு விடணும் என்று கேட்டார்கள். ஒரு வருஷம் ஒத்திகையில், ஹாஸ்டலில் தங்கிப் படித்த மலைப் பெண் ஒருத்தி ஓரமாகவே நின்றாள். "உங்க ஊரு டான்ஸுடி, உனக்குத்தான் எல்லாரையும்விட நல்லா வரணும்" என்று அவளை இழுத்து முன்னால் விட்டாள் கோகிலவாணி. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பெண் மறுபடி ஓரத்துக்கே போய்விட்டாள். மறுநாள் ஒத்திகைக்கும் வரவில்லை. ஏன் என்று கோகிலவாணி கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் இன்றைக்கு எவ்வளவு யோசித்தாலும் அவளுக்கு நினைவு வருவதில்லை.

வேலையில் கடைசி வருஷம். இருந்த இடத்திலேயே மாலை போட்டு அனுப்புவார்கள் என்று எண்ணியிருந்தவளை, ஆள் குறைந்த பள்ளிக்குப் பணி நிரவல் என்று சொல்லி மலைக்குத் தூக்கிப் போட்டார்கள். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு உண்டு உறைவிடப் பள்ளி. காலையில் கச்சிராயபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால் வளைந்து வளைந்து ஏறும். முதல் வாரம் முழுக்க வாந்தி. பிறகு பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் நைட்டி மேலே துண்டு போட்டுக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போனார்கள். ஆண்கள் கைலியை மடித்துக் கட்டி மரவள்ளிக் கொல்லையில் களை பிடுங்கினார்கள். சாமை விளைந்ததா, விலை கம்மியா ஜாஸ்தியா என்று பேசினார்கள். சட்டை போடாமல் தோளில் துண்டோடு ஒருவர் பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் பேத்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்றார். கோகிலவாணி திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தாள். எங்கப்பா மாதிரியே இருக்காரே என்று நினைத்தாள். நினைத்த கையோடு, இவருக்கா நான் கரி பூசினேன் என்றும் தோன்றிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்றைக்கு ஆரம்பித்த குறுகுறுப்பு.

சரி, போனது போகட்டும், இனி அந்த ஆட்டத்தை எடுக்க வேண்டாம், அவ்வளவுதானே என்று தனக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். பொங்கல் முடிந்ததும் ஆண்டு விழாப் பேச்சு வந்தது. தலைமையாசிரியர் தமிழ்வேந்தன் நல்ல மனுஷன், எதற்கும் ஒரு மேடை இருந்தால் போதும் அவருக்கு. "வட்டாரக் கல்வி அலுவலர் வராரு டீச்சர். நம்ம பேரு சொல்ற மாதிரி ஒரு ஐட்டம் வேணும்" என்றார்.

கும்மி போட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தாள். உள்ளே ஒரே கூச்சல். சுவரில் மாட்டியிருந்த ஸ்மார்ட் போர்டில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அஜய் என்கிற வாலுப் பையன் தேடி எடுத்துப் போட்டிருந்தான். நெட்டிலிங்க இலை, கரி, கழி, ஊளை. மேடைக்கு ஓரத்தில், பச்சை டிராக் பேன்ட்டில் கோகிலவாணியே நின்று விசிலடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்க! அந்தாண்ட ஓரமா விசில் ஊதிக்கினு கீறீங்க!" என்று துள்ளினாள் தமிழ்ப்ரியா.

இந்தத் தமிழ்ப்ரியாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எட்டாவது. அவள் ஓடினால் கோகிலவாணிக்குத் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கும். அப்பா கண்ணுசாமியும் அம்மா சாலம்மாளும் கர்நாடகாவில் காபித் தோட்டத்தில் கூலி வேலை. பெண் ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் பேசுவார்கள். வந்து ஒட்டிக்கொள்ள வேறு ஆள் இல்லாததாலோ என்னவோ, டீச்சர், டீச்சர் என்று கோகிலவாணியின் டிராக் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே திரிவாள்.

அவள்தான் போர்டில் கீழே இருந்த எழுத்தைச் சத்தமாகப் படித்தாள். "கல்வராயன்மலைவாழ் மக்களின் பாரம்பரிய நடனம். மாவட்ட அளவில் முதல் பரிசு." அதற்குள் வீடியோவில் கலெக்டர் டீச்சருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் வெளிச்சம். "டீச்சர், இது எங்க டான்ஸு! எங்களுக்கே தெரியாம போச்சு பாருங்க. இதையே எங்களுக்கு சொல்லிக் குடுங்க டீச்சர்."

சிரிப்பார்கள், இல்லை முறைப்பார்கள் என்றுதான் கோகிலவாணி பயந்திருந்தாள். நம்புவார்கள் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. "அது வாணாம்டி, கும்மி ஆடலாம். கும்மி இன்னும் நல்லாருக்கும்" என்றாள்.

"கும்மி எல்லா ஊருலயும் ஆடறாங்க டீச்சர். இது எங்குளுது இல்ல?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? அதற்குள் தமிழ்வேந்தன் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டார். "அடடா, இத இத்தினி நாளா சொல்லாம வெச்சிருந்தீங்களா டீச்சர்? மலை நடனத்த மலையிலயே ஆடறது. இதான் ஐட்டம்" என்று கையைத் தட்டினார். முடிந்தது.

ஒத்திகை தொடங்கியது. கம்பத்தில் கட்டி வாட்டுகிற கட்டத்தை எடுத்துவிட்டாள். ஊளையைக் குறைத்தாள். கரி வேண்டாம், தோலுக்கு ஆகாது என்றாள். பாம்பும் சாகணும், தடியும் உடையக்கூடாது என்கிற கணக்கு. தமிழ்ப்ரியா விடவில்லை. "வீடியோவுல கரி பூசிக்கினு கீறாங்களே டீச்சர். அத எடுத்துட்டா அப்பறம் இன்னா பாரம்பரியம்?" என்றாள். சத்துணவுக் கூடத்திலிருந்து கரியை அவளே வாரிக்கொண்டு வந்தாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் உம்மென்று இருந்தாள். முதல் நாள் போனில் அப்பாவோடு சண்டையாம்.

"எங்கப்பா கீதே, அதுக்கு ஒண்ணுமே தெரில டீச்சர். நம்ம மலையில யாரும் எலை கட்டிக்கினு ஆடினதில்ல, சாமி தூக்கறப்ப மோளத்துக்குக் கால மாத்தி மாத்தி வெச்சி ஆடறதுதான் நம்ம ஆட்டம்னு சொல்லுது. நான் சொல்லிட்டேன். உனக்கு இன்னா தெரியும், நீ படிச்சியா, எங்க டீச்சரு ஜில்லா பூரா ஆடிக் காட்டி பிரைஸு வாங்கனவங்கன்னு."

"அப்பாகிட்ட அப்பிடிப் பேசலாமா ப்ரியா?"

"அது தப்பா சொன்னா?"

அப்போதாவது கோகிலவாணி சொல்லியிருக்கலாம். உங்கப்பா சொன்னதுதான் சரி என்று மூணு வார்த்தை. மைதானத்தில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மைக் இல்லாமல் கேட்கிற குரல் அவளுடையது. அந்த மூணு வார்த்தை வரவில்லை. அந்தப் பெண் அண்ணாந்து பார்த்த பார்வை அப்படி. அந்தப் பார்வையை இழக்க அவளுக்கு மனசு வரவில்லை. சொல்லப்போனால் அதுதான் உண்மை. பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள், தலைமையாசிரியர் கோபிப்பார் என்பதெல்லாம் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சாக்கு.

வீட்டில் சோறு போடும்போது செழியனிடம் சொன்னாள். அவர் ரசத்தைக் கரண்டியில் எடுத்தபடியே, "பசங்க டான்ஸுக்குப் போயி இவ்ளோ யோசனையா? எவன் வந்து கேக்கப் போறான். ரெண்டு மாசத்துல ரிட்டயர் ஆவப்போற, வுட்டுத் தள்ளு" என்றார்.

"ஒரு புள்ள அதும் அப்பன ஒண்ணும் தெரியாதவன்னு சொல்லுதுங்க. என்னால."

"எல்லாப் புள்ளையும்தான் சொல்லுது. நம்ம புள்ள என்னச் சொல்லல?"

கோகிலவாணி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

ஆண்டு விழா அன்றைக்கு மலையில் நல்ல வெயில். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டியிருந்தது; பெற்றோர்கள் வந்து தரையில் விரித்த ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணுசாமியும் சாலம்மாளும் பெண் ஆடுவதைப் பார்க்கவே கர்நாடகாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார்கள். சாலம்மாள் புதுப் புடவை. கண்ணுசாமி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. தமிழ்ப்ரியா ஓடிப்போய் அவர்களை இழுத்துவந்து காட்டினாள். "இதாம்பா எங்க டீச்சரு." கண்ணுசாமி கும்பிட்டார். கோகிலவாணி அவர் முகத்தைப் பார்க்காமல் பந்தல் காலைப் பார்த்தபடி, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

தமிழ்வேந்தன் மைக்கைப் பிடித்தார். "அடுத்ததாக, நம் கல்வராயன்மலை மக்களின் பாரம்பரிய நடனம். மறைந்துபோன இந்தக் கலையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நம் கோகிலவாணி டீச்சர்." எல்லோரும் கை தட்டினார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் அவள் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

பிள்ளைகள் மேடையேறினார்கள். முன்னால் தமிழ்ப்ரியா. இடுப்பில் இலை, முகத்தில் கரி, கையில் கழி. வாயில் கையை வைத்து அவள் கத்தியதும், கள்ளக்குறிச்சியில் என்றால் கூட்டம் சிரித்திருக்கும். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இது எந்த ஊரு ஆட்டம்ப்பா?" என்று கேட்டது கோகிலவாணி காதில் விழுந்தது. "நம்ம ஊருதாம். டீச்சருங்க சொல்றாங்க" என்றார் அவர். "ஓஹோ" என்றார் கிழவர். "அந்தக் காலத்துல இருந்திருக்கும்."

ஆட்டம் முடிந்தது. அப்புறம் அந்தக் கிழவர்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள், மரியாதையாக, நிறுத்தாமல், பிள்ளைகள் இறங்குகிற வரைக்கும். திட்டியிருந்தால் தேவலை. நாலு பேர் எழுந்துபோயிருந்தால்கூடத் தேவலை. படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு ஊரே தன் ஞாபகத்தை விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தது. கோகிலவாணிக்கு அங்கேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது கண்ணுசாமி தனியாக வந்தார். கொஞ்சம் தயங்கித்தான் ஆரம்பித்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"இந்த ஆட்டத்த எங்க ஊருல யாருங்க உங்குளுக்கு ஆடிக் காட்டினாங்க? எங்கப்பாரு கோயிலு மோளக்காரரு. பெரிய ஆட்டக்காரரு. அவரு வாயில நான் இத கேட்டதே இல்லீங்க. வேற எந்த ஊருலயாச்சும் பெருசுங்க இருந்தாங்கன்னா பேரு சொல்லுங்க. போயி பாத்து நானும் கத்துக்கறேன். புள்ளைக்கு தெரிஞ்சது எனக்கு தெரியலன்னா அசிங்கமா கீது."

உண்மையாகத்தான் கேட்டார். முகத்தில் வேறு எதுவும் இல்லை. கோகிலவாணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"யாரும் ஆடிக் காட்டலீங்க. நானாக் கட்டினதுதான். பசங்களுக்கு டிரெஸ்ஸு எடுக்க வழியில்லன்னு எலையக் கட்டி விட்டேன். போட்டியில எந்த ஊருன்னு கேட்டாங்க, உங்க மலை பேரச் சொல்லிட்டேன். நான் செஞ்சது தப்புங்க. பெரிய தப்பு."

கண்ணுசாமியின் கண் பந்திப் பக்கம் போனது. அங்கே தமிழ்ப்ரியா கரி கழுவாமலே, இலை கழற்றாமலே, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு சாப்பிட்டாள். "எங்குள இப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தீங்களா எல்லாரும்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை.

கோகிலவாணிக்கு அழுகை வந்துவிட்டது. "நெனக்கவே இல்லீங்க. அதான் தப்பு" என்றாள்.

"சரி. அழுவாதீங்க." அவர் இன்னொரு தரம் பந்திப் பக்கம் பார்த்தார். "எனக்குச் சொன்னத எம் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க டீச்சர். நான் சொன்னா நம்பாது. உங்கப்பன் சொன்னது பொய்யில்லன்னு அது தெரிஞ்சிக்கினா போதும். வேற யாருக்கும் சொல்ல வாணாம்."

இது அவர் கேட்ட ஒரே நியாயம். கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழ்ப்ரியாவைக் கூப்பிட்டாள். அவள் எச்சில் கையோடு ஓடி வந்தாள். டீச்சர் கண்ணையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ப்ரியா, கேளு. நீ ஆடின டான்ஸு உங்க ஊருது இல்ல. உங்க தாத்தா காலத்துலயும் இல்ல, அதுக்கு முன்னாடியும் இல்ல. நான் கட்டினது. நான் பொய் சொல்லி பிரைஸு வாங்கினேன். உங்கப்பா சொன்னதுதான் நெசம்."

தமிழ்ப்ரியா முகத்தில் ஒரு புரிதல் வந்தது, பெரிய மனுஷி மாதிரி.

"எங்கப்பா வந்து உங்களக் கேட்டுச்சா டீச்சர்?"

"ஆமா, ஆனா..."

"அது மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இப்பிடிச் சொல்றீங்க."

"இல்லடி, சத்தியமா சொல்றேன். நான்தான் கட்டினேன்."

"கலெக்டரே கை குடுத்தாரே டீச்சர், வீடியோவுல கீதே. பொய்யுக்கா கை குடுப்பாரு?" அவள் கண்ணிலும் தண்ணீர். டீச்சரை அழ வைத்துவிட்டார்களே என்ற கோபம் அது. அப்பா பக்கம் திரும்பினாள். "யப்பா, உனக்கு தெரியலன்னா தெரியலன்னு வுட்ரணும். எங்க டீச்சர எதுக்குப் போயி கேட்ட? பாரு, எவ்ளோ எறங்கி வந்து பேசறாங்கன்னு. டீச்சர்கிட்ட மன்னிப்பு கேளு."

"ப்ரியா!" என்றாள் கோகிலவாணி.

"கேளுப்பா. கேட்டாத்தான் நான் உன்கூட வூட்டுக்கு வருவேன்."

கண்ணுசாமி பெண்ணைப் பார்த்தார். நாலு நாள் லீவில் வந்திருக்கிறார், திரும்ப எப்போது பார்ப்பாரோ. அப்புறம் கோகிலவாணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் ஆறியிருப்பாள். கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சிக்கங்க டீச்சர். தெரியாம கேட்டுட்டேன்."

கோகிலவாணி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தாள். அவர் இறக்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.